வலிக்கு முன்னால் வந்தது

2006-ம் வருஷம், தீபாவளி கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவில் "தண்ணி வந்துட்டு" என்று சத்தம் கேட்டது. தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் எங்கள் பக்கம் அப்போது குழாயில் தண்ணீர் வருவது வாரம் ஒருமுறை. சில சமயம் பத்து நாளும் ஆகும். அந்தச் சத்தம் கேட்டால் காய்ச்சல்காரியும் எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். எனக்கும் மூன்று நாள் காய்ச்சல் அடித்து முந்தின இரவுதான் விட்டிருந்தது. எழுந்து காலைத் தரையில் ஊன்றினேன். கணுக்கால் இரண்டும் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். குடத்தின் கழுத்தைப் பிடிக்க விரல்கள் கூடவில்லை. பிளாஸ்டிக் குடம், அதுவும் காலிக் குடம். கையைவிட்டு நழுவிப் படியில் உருண்டது.

குழாயடியில் வழக்கமான சண்டை அன்றைக்கு இல்லை. எதிர்வீட்டு மதினி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கிழவி மாதிரி நின்றாள். பக்கத்து வீட்டுப் பையன், பதினெட்டு வயசு, ஹார்பரில் லோடு ஏற்றப் போகிறவன், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த மாமா சட்டைப் பொத்தான் போடமுடியாமல் பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. பிடிக்கத்தான் கை இல்லை. வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக வந்து சேர்ந்த தாமிரபரணித் தண்ணீர் சாக்கடைக்குப் போவதை எங்கள் தெரு சும்மா பார்த்துக்கொண்டு நின்றது, எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான்.

பேப்பரில் அதன் பெயர் சிக்குன்குனியா என்று போட்டிருந்தார்கள். அம்மா அதைச் 'சிக்கன் குனியா' என்றே கடைசிவரை சொன்னாள். கோழி தின்றால் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பி, கோழிக்கடைக்காரர் பாடு கொஞ்சநாள் திண்டாட்டமாகிவிட்டது. டீக்கடையில் அதைத் தமிழ்ப் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது, அதனால் குனியா. நானும் சிரித்தேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, பகடி அவ்வளவு தூரம் தப்பவில்லை என்று. 1952-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தெற்கே மக்கொண்டே பீடபூமியில் இந்தக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. அந்த மக்கள் தங்கள் மொழியில் 'வளைத்துப் போடுவது' என்ற பொருளில் வைத்த பெயர் அது. எங்கோ இருக்கிற ஒரு சொல் எங்கள் காதில் ஒலியோடு பொருளையும் சுமந்துகொண்டு விழுந்தது. தற்செயல்தான். ஆனாலும் அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் நிமிர்ந்து நடந்த ஆள் யாரும் இல்லை.

புது நோய் என்று பேசிக்கொண்டார்கள். புதிது இல்லை. 1963-ல் கல்கத்தாவிலும், 1964-ல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரியிலும் வந்து ஆட்டிவைத்திருக்கிறது. 1973-ல் மகாராஷ்டிரத்தில் பார்சி என்ற ஊரில் தலைகாட்டிவிட்டு, 32 வருஷம் இந்தியாவில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. இந்து மகாசமுத்திரத்தில் ரீயூனியன் என்ற சின்னத் தீவில், 2005-06-ல், மக்களில் மூன்றில் ஒருவரைப் படுக்கப்போட்டது. அதே சமயத்தில் இந்தியாவுக்குள்ளும் திரும்ப நுழைந்தது. 2006-ல் மட்டும் நாடு முழுக்க ஏறக்குறைய 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. வீட்டில் கஷாயம் குடித்துப் படுத்துக்கிடந்த எங்களைப் போன்றவர்கள் எந்தக் கணக்கில் ஏறியிருப்போம்?

கொசுதான் கொண்டுவருகிறது என்பதை எங்கள் தெரு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "சாக்கடைக்கொசு ராத்திரி கடிக்கும், நாங்க வலை கட்டிப் படுக்கோம், பெறகு எப்படி?" என்று சுகாதாரப் பணியாளரிடம் மதினி மல்லுக்கு நின்றாள். அந்தப் பெண் பதில் பேசாமல் மதினி வீட்டுக்குள் நேரே போய், நீல டிரம்மின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினாள். குச்சி குச்சியாகப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஏடிஸ் என்ற இந்தக் கொசு கடிப்பது பகலில். சாக்கடை பக்கம் போகாது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். டிரம் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் முட்டை சாகாது. மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். இந்த வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். எங்களுக்குத் தண்ணீர் வருகிற கணக்கும் அதேதான்: வாரம், பத்து நாள். எங்கள் தாகத்துக்குச் சேர்த்துவைத்ததில் அது பிள்ளை வளர்த்துக்கொண்டது. அதிக தூரம் பறக்கிற கொசுவும் இல்லை. நூறு இருநூறு மீட்டருக்குள் அதன் உலகம் முடிந்துவிடும். எங்களைக் கடித்தது எங்கள் தெருக் கொசுதான்.

பணியாளர்கள் டிரம்மில் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் எங்கள் ஆட்கள் 'மருந்து வாடை' என்று அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, உள்சுவரைத் தேய்க்காமல் மறுபடி பிடித்து வைப்பார்கள். நானும் அப்படிச் செய்தவள்தான்.

நிலவேம்புக் குடிநீர் எங்கும் கிடைத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்த பொடி. ஒரு மிடறு உள்ளே போனால் அன்றைக்கு முழுக்க நாக்கு வேறு ருசி அறியாது. குடித்தோம். காய்ச்சல் விட்டது. குடிக்காதவர்களுக்கும் விட்டது. கசப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மூட்டை அது என்ன செய்தது என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது.

மூட்டு விடவில்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரம் விரல்கள் மரக்கட்டை. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். எதிர்வீட்டு மதினி யாரோ சொல்லி ஒரு கிளினிக்குக்குப் போய் 'வலி ஊசி' போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் விடியலில் அவள் கோலம் போடுகிற சத்தம் கேட்டு நான் பொறாமையில் வெந்தேன். ஐந்தாம் நாள் வலி திரும்பியது. மறுபடி ஊசி. நாலைந்து ஊசிக்குப் பிறகு ஒருநாள் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், சர்க்கரை நானூறைத் தாண்டி நிற்கிறது. ஊசியில் இருந்தது ஸ்டீராய்டு. சீட்டில் அது எழுதப்படவில்லை, அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவரவில்லை. எந்த மூட்டுக்கு, எத்தனை நாள், எவ்வளவு என்று அறிந்தவர் கையில் அது உயிர் காக்கும். பெயர் சொல்லாமல் போடப்பட்டால் எந்த மருந்தும் களவுச் சரக்குதான்.

நான் போன டாக்டர் ஊசியை எடுக்கவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். எத்தனை மூட்டு? இரண்டு பக்கமும் ஒரேபோலவா? எத்தனை நாளாக? அதற்கு முன்னால் காய்ச்சல் உண்டா? தொண்டை வலித்ததா? வயிற்றால் போனதா? நீர் கடுத்ததா? கண் சிவந்ததா? மூட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

"முட்டுக்குத்தானே சார் வந்தேன்?"

"முட்டுக்கு வாய் இல்லம்மா. எது வந்தாலும் ஒரே மாதிரிதான் வீங்கும், ஒரே மாதிரிதான் வலிக்கும். முன்னால என்ன வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அந்தக் கேள்வியை நான் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருமுறை காதால் கேட்டிருக்கிறேன். கேட்கப்பட்டவள் என் அக்கா.

1974. தூத்துக்குடித் துறைமுகம் அந்த வருஷம் ஜூலையில்தான் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அப்பா அதைத் தன் சொந்தப் பதவி உயர்வுபோலத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது முடிந்த கையோடு பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 திருவிழாவரை பத்து நாளும் எங்களுக்குப் பள்ளிக்கூடம் பெயருக்குத்தான். அக்காவுக்கு வயசு பதினொன்று, எனக்கு எட்டு. அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு எச்சில் விழுங்க முடியாமல் காய்ச்சல் வந்தது. குச்சி ஐஸ்மேல் பழி போட்டார்கள். ஆச்சி தொண்டையில் சுண்ணாம்பு தடவி, மிளகுக் கஷாயம் கொடுத்தாள். நாலு நாளில் சரியாகிவிட்டது. அதோடு அதை எல்லாரும் மறந்தோம்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அவளுடைய வலது முழங்கால் வீங்கியது. தொட்டால் சுடும். பாவாடை உரசினாலும் அழுதாள். ஆச்சி தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு நாளில் முழங்கால் வற்றிவிட்டது. ஆச்சி பெருமையோடு தவிட்டுப் பையை மடித்து வைப்பதற்குள் இடது கணுக்கால் வீங்கியது. நொச்சி வேது பிடித்தார்கள். கணுக்கால் வடிந்து முழங்கைக்குப் போனது. சுளுக்கெடுப்பவர் வந்து எண்ணெய் போட்டு வழித்தார். முழங்கையும் வடிந்தது. "வீடு மாறிக் குடிபோற வாதம்டி இது" என்றாள் ஆச்சி. ஒரு டாக்டரிடமும் காட்டினோம். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று சொல்லி டானிக் எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் அக்கா பாண்டி ஆடினாள். தவிடு, நொச்சி, எண்ணெய், டானிக் எல்லாமே தான்தான் குணமாக்கினேன் என்று பெயர் வாங்கிக்கொண்டன.

எதுவும் குணமாக்கவில்லை. அந்த வலி தானாகப் போகிற வலி. ருமாட்டிக் காய்ச்சல் என்பது அதன் பெயர். ஐந்திலிருந்து பதினைந்து வயசுப் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். தொண்டையில் வந்து போகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிதான் தொடக்கம். ஆனால் வீங்கிய முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தால் அந்தக் கிருமி இருக்காது. கடலில் ரோந்துப் படகு கடத்தல் வள்ளத்தைத் தேடிப் போய், சாயலில் ஒத்துப்போகிற மீன்பிடி வள்ளத்தை மடக்கி அடித்த கதைகள் இந்தக் கரையில் உண்டு. உடம்புக்குள் நடப்பதும் அதுதான். கிருமியைப் பிடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, சாயல் ஒத்திருக்கிற நம் சொந்தத் திசுவின்மேல் பாய்கிறது. மூட்டின்மேல் பாய்ந்தது தழும்பு இல்லாமல் ஆறிவிடும். இதயத்தின் வால்வுமேல் பாய்ந்தது ஆறாது. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லுவார்களாம். நாங்கள் நக்கிய இடத்துக்கே ஒரு மாதம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கடித்தது தெரியவர பதினொரு வருஷம் ஆனது. 1985-ல் அக்கா முதல் பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதமே மூச்சு வாங்கியது. மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தாள். "இரட்டைப் பிள்ளையா இருக்கும்" என்று ஒரு பெரியம்மா. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிரசவ வார்டில் ஒரு லேடி டாக்டர் அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வெகுநேரம் கேட்டார். பிறகு, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "சின்ன வயசுல முட்டு வீங்குச்சா? அதுக்கு முன்னாடி தொண்டை வலிச்சுதா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு முழங்கால் நினைவிருந்தது. குச்சி ஐஸ் எனக்குத்தான் நினைவிருந்தது.

மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. பிரசவம் தப்பியது, தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அன்றிலிருந்து 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. பெனிடூர் என்பார்கள், 12 லட்சம் யூனிட். மறுபடி ஒரு தொண்டைக் கிருமி வந்து, மறுபடி எதிர்ப்புச் சக்தி கிளம்பி, மிச்சமிருக்கும் வால்வையும் அடித்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. குழைத்த சுண்ணாம்பு மாதிரி கெட்டியான மருந்து. இடுப்பில் இறங்கும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பாள். அடுப்படிக் காலண்டரில் 21 நாளுக்கு ஒரு வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டம் நல்ல நாள் பெரிய நாள் பார்க்காது. பொங்கலன்றைக்கும் நொண்டிக்கொண்டு பானை வைத்திருக்கிறாள்.

1996-ல் திருவனந்தபுரத்தில் வால்வையே மாற்றினார்கள். அங்குள்ள ஸ்ரீசித்திரை திருநாள் இன்ஸ்டிடியூட்டில் நம் ஆட்களே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய செயற்கை வால்வு அது. வெளிநாட்டு வால்வு வாங்க எங்களால் முடிந்திருக்காது. இரவில் ஆளரவம் அடங்கிய பிறகு அவள் பக்கத்தில் படுத்தால், போர்வைக்குள் கைக்கடிகாரம் இருப்பதுபோல மெல்லிய சத்தம் கேட்கும். அந்த வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் மாத்திரை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. முருங்கைக்கீரையைக்கூட ஒருநாள் அள்ளித் தின்று ஒரு வாரம் விடுகிற பழக்கம் ஆகாது. கீரையில் உள்ள சத்து மருந்தின் கணக்கைக் கெடுத்துவிடும்.

2006-ல் சிக்குன்குனியா அவளையும் விடவில்லை. டிரம்முக்கு ஆள் தராதரம் தெரியுமா? எங்களுக்கெல்லாம் டாக்டர் வலி மாத்திரை எழுதினார். அவளுக்கு மட்டும் முடியாது என்றார். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், அவ்வளவுதான். 1974-ல் தேவையில்லாமல் கொடுத்த ஒத்தடத்தை முப்பத்திரண்டு வருஷம் கழித்து வேறு வழியில்லாமல் கொடுத்தோம். அம்மா தவிட்டுக்குச் சொல்லியனுப்பினாள். தவிடு கிடைக்கவில்லை. உப்பைத்தான் வறுத்துக் கட்டினோம். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்?

இந்த முறை கிருமி வேலை செய்த விதம் வேறு. சிக்குன்குனியா வைரஸ் தானே மூட்டுத் திசுவுக்குள் புகுந்து அழற்சியைக் கிளப்பும். காய்ச்சல் ஒரு வாரத்தில் போகும், மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். வயசானவர்களுக்கு வருஷங்கூட ஆகும். எனக்கு எட்டு மாதம். அக்காவுக்கு ஒன்றரை வருஷம்.

அந்த டாக்டர் வயிற்றால் போனதா என்று ஏன் கேட்டார் என்பது எங்கள் மாமா மூலமாகத் தெரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் அவருக்கு வயிறு கெட்டு நாலு நாள் வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். அது நின்று பத்து நாளில் ஒரு முழங்கால் பூசணிக்காயாக வீங்கி, கண் செக்கச்செவேலென்று ஆனது. மாமா கண்ணுக்கு ஒரு டாக்டரிடமும் காலுக்கு ஒரு டாக்டரிடமும் அலைந்தார். வயிற்றைப் பற்றி இருவரிடமும் சொல்லவில்லை. முழங்காலைக் காட்டப் போன இடத்தில் பேதியைப் பற்றி எவன் பேசுவான் என்பது அவர் நியாயம். குடலிலோ நீர்த்தாரையிலோ வந்த கிருமிக்கு எதிர்வினையாக மூட்டும் கண்ணும் வீங்குகிற நோய் உண்டு. நீர்த்தாரைக் கிருமி பெரும்பாலும் உடலுறவில் ஒட்டிக்கொண்டு வருவது. துறைமுக ஊர் டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்பார்கள். பதில்தான் கூச்சப்படும். இந்த நோய்க்கு ஹான்ஸ் ரைட்டர் என்ற ஜெர்மன் டாக்டரின் பெயர் நெடுங்காலம் இருந்தது. அவர் நாஜிக் கட்சியில் இருந்து, சிறைமுகாம் கைதிகள்மேல் நடந்த சோதனைகளுக்கு உடந்தையாக இருந்தவர் என்பது தெரிந்து, மருத்துவ உலகம் அந்தப் பெயரை மெல்லக் கைவிட்டது. எதிர்வினை மூட்டழற்சி என்கிறார்கள் இப்போது. மாமாவுக்கு மூன்று மாதத்தில் வற்றிவிட்டது.

இத்தனையும் சொன்னதால் மூட்டுவலி எல்லாமே கிருமி செய்வதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையிலேயே அதற்கு எதிர்சாட்சி இருக்கிறது. எங்கள் தாத்தா குளியாள். 1955-லிருந்து 1961 வரை நடந்த முத்துச் சலாபத்தில் தொலாயிரம் பார் என்ற கடலடித் திட்டில் சிப்பி எடுக்கக் குதித்தவர். 1961-க்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை. அவர் காலத்தில் காலில் கல்லைக் கட்டி, மூக்கைப் பிடித்து, ஒரு மூச்சில் இறங்கி ஒரு மூச்சில் ஏறவேண்டும். சித்தப்பா காலத்தில் சங்கு குளிக்கிற வள்ளத்தில் கம்பிரசர் வந்துவிட்டது. குழாயை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் கிடக்கலாம். நாலைந்து தடவை இறங்கிச் சட்டென்று மேலே வந்த ஒருநாள், கரைக்கு வரும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு கதறினார். காய்ச்சல் இல்லை, கொசு இல்லை, தொண்டைவலி இல்லை. ஆழத்தின் அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன், அவசரமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நுரைத்து மூட்டுகளில் குமிழியாக நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கும் வளைவு என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வெறும் தோள்வலி என்று படுத்துக்கொண்டு கால் விழுந்துபோனவர்களும் உண்டு. உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறையில் வைத்து அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கவேண்டும். சித்தப்பாவுக்கு முன்னால் வந்தது கடல்.

முடக்குவாதம் என்று நாம் சொல்கிற ருமட்டாய்டு கதை இன்னும் சிக்கல். அதற்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்று நூறு வருஷமாகத் தேடியிருக்கிறார்கள். கிருமி ஒளிந்திருக்கிறது என்று நினைத்து நல்ல பற்களையெல்லாம் பிடுங்கிப்போட்ட காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் தாமஸ் பிரவுன் என்ற டாக்டர் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமிதான் காரணம் என்று நம்பி, நோயாளிகளுக்கு வருஷக்கணக்கில் டெட்ராசைக்கிளின் கொடுத்தார். அதன் உறவுக்கார மருந்தான மினோசைக்கிளினை 1990-களில் முறையாகச் சோதித்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அந்த மருந்து கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும். பலனை வைத்துக் கிருமிமேல் குற்றம் சாட்ட முடியாது. எங்கள் ஆச்சியின் தவிடு நினைவுக்கு வருகிறது. இப்போது ஈறு நோய்க் கிருமி ஒன்றின்மேல் சந்தேகம் பலமாக இருக்கிறது. பல் ஈறு கெட்டவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் முடக்குவாதம் கூடுதலாக வருகிறது. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆகையால் முடக்குவாதக்காரர்கள் மாதக்கணக்கில் தாங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது வீண் வேலை. மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை டாக்டர் பார்வையில் ஆரம்பத்திலேயே தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம் என்பது மட்டும் தீர்ந்த வழக்கு.

ஒரே ஒரு மூட்டு, காய்ச்சலோடு, சிவந்து, சுட்டு, அசைக்கவே முடியாமல் வீங்கினால் அது வேறு அவசரம். அங்கே கிருமி மூட்டுக்குள்ளேயே சீழ் வைத்திருக்கக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் நீர் எடுத்துப் பார்த்தாக வேண்டும். சுளுக்கெடுக்கிற இடம் அதுவல்ல. மாதக்கணக்கில் வலி பெரிதாக இல்லாமல் ஒரே மூட்டு வீங்கிக்கொண்டே போனால், காசநோயா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வால்வு ஓடிக்கொண்டிருக்கிறது. டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைப்பது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை. போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த பேத்தி தொண்டை வலிக்கிறது என்றாள். "ஐஸ் தின்னுருப்பா" என்று யாரோ சொன்னார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பத்து நாளைக்கு மருந்து எழுதினார். மூன்றாம் நாளே பிள்ளை விளையாடத் தொடங்கியும், பத்தாம் நாள் இரவு கடைசி வேளைவரை அக்கா உட்காரவைத்துக் கொடுத்தாள்.

தொண்டை வலி எல்லாமே இந்தக் கிருமி இல்லை, பெரும்பாலானவை சாதாரண வைரஸ். எது எது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். இதுதான் என்றால், வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் ஆரம்பித்துவிட்டால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை எச்சில் விழுங்க முடியவில்லை என்று சொன்னால், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.